பின் சப்ஃப்ரேம் புஷ்: கெட்டியாக்கும் முன் யோசிக்க வேண்டியவை

பின் சப்ஃப்ரேம் என்பது பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம், அதற்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். அந்த புஷ்ஷைக் கெட்டியாக்கினால் கார் ரோட்டைக் கூடுதலாகப் பிடிக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்குபவர்கள் நிறையப் பேர். ரோட்டைப் பிடிப்பது டயர்தான். புஷ்ஷின் வேலை வேறு. சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஆர்ம்களையும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் சுமக்கும் சப்ஃப்ரேம் பாடிக்கு அடியில் நகராமல் இருக்க வேண்டும். கியர் இரைச்சலும் ரோட்டு அதிர்வும் உள்ளே வரக்கூடாது. ரப்பர் தேய்ந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் சப்ஃப்ரேமே கொஞ்சம் திரும்பும், பின் சக்கரங்களின் கோணம் மாறும், வளைவில் கார் தன் இஷ்டத்துக்கு அசையும். அந்த ஆட்டம் போனால் டயரில் ஏற்கெனவே இருக்கும் பிடிப்பை நம்பி ஓட்டலாம். எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

அதனால் முதல் தவறு, நோய் தெரியாமல் மருந்து வாங்குவது. வேகமாகக் கிளப்பும்போது பின் சக்கரம் துள்ளினால் உடனே பழி சப்ஃப்ரேம் புஷ் மேல் விழும். தேய்ந்த ஷாக் அப்சார்பர், கிழிந்த ஆர்ம் புஷ், டிஃபரன்ஷியல் மவுன்ட், பழைய டயர் என்று எதுவும் அதே துள்ளலைத் தரும். கடப்பாறையால் நெம்பி, எது எவ்வளவு அசைகிறது என்று பார்த்த பிறகு பாகம் வாங்குங்கள். பத்து வருட ரப்பரை நீக்கிப் புது ஒரிஜினல் ரப்பர் போட்டாலே பலருக்குக் காரியம் முடிந்துவிடும்.

சரி, கெட்டியான புஷ்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். இதுவரை ரப்பர் வாங்கிய அடியை இனி யார் வாங்குவது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அலுமினிய புஷ் போட்டால் அந்த விசை மறைந்துவிடாது, நேராகப் பாடித் தகரத்துக்குப் போகும். பிஎம்டபிள்யூ இ46 வகைக் கார்களில் ஒரிஜினல் ரப்பர் இருக்கும்போதே சப்ஃப்ரேம் மாட்டும் இடத்தில் தரைத் தகரம் விரிசல் விடுவது ஊரறிந்த குறை. அப்படிப்பட்ட பாடியில் பரிசோதனை எதுவும் இல்லாமல் கெட்டி புஷ்ஷை அடித்து ஏற்றுவது கிழிசலை விரைவுபடுத்துவதுதான். விரிசல் பெரும்பாலும் ஸ்பாட் வெல்டை ஒட்டித் தொடங்கும், மேலே பூசிய சீலன்ட் அதை மறைத்துவிடும். சப்ஃப்ரேமை இறக்கி, சீலன்ட்டைச் சுரண்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். விரிசல் இருந்தால் அதன் முனையில் துளையிட்டு நிறுத்தி, வெல்டிங் செய்து, வலுவூட்டும் தகடு வைத்த பிறகே புஷ் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கும் வேலை இது; அனுபவமுள்ள வெல்டரிடம் விடுங்கள்.

‘2014-இல் வந்த பிஎம்டபிள்யூ எஃப்80 எம்3-இல் கம்பெனியே ரப்பர் இல்லாமல் சப்ஃப்ரேமைப் பாடியோடு முடுக்கியிருக்கிறதே’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த பாடியை அதற்கென்றே வடிவமைத்தார்கள்.

அடுத்தது கலப்படம். நான்கு புஷ்ஷில் இரண்டை மட்டும் அலுமினியமாக்குவது, டிஃபரன்ஷியலின் பின் மவுன்ட்டைக் கெட்டியாக்கி முன் மவுன்ட்டை ரப்பரிலேயே விடுவது. ரப்பர் பக்கம் வளையும், கெட்டிப் பக்கம் வளையாது. முழுச் சுமையும் ஒரே இடத்தில் விழுந்து மவுன்ட்டின் காதோ டிஃபரன்ஷியல் கவரோ உடையும். சப்ஃப்ரேமைக் கெட்டியாக்கினாலும் டிஃபரன்ஷியல் மவுன்ட்டுகள் எல்லாவற்றையும் ரப்பரில் விட்டுவைத்தால் இரைச்சல் பெரிதாக ஏறாது. தினசரி ஓட்டும் காருக்கு நான் சொல்வது இதைத்தான். அதிலும் சிக்கனமாக, ரப்பரின் இடைவெளிகளை அடைக்கும் பாலியூரிதேன் (ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக்) செருகியே பெரும்பாலும் போதும்.

சப்ஃப்ரேம் புஷ் எந்தப் பக்கமும் சுழல வேண்டியதில்லை. அதனால்தான் அதைக் கெட்டியாக்க முடிகிறது. இதே தர்க்கத்தைச் சக்கரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் டிரெயிலிங் ஆர்முக்கும் நீட்டிப் பாலியூரிதேன் போடுகிறார்கள் சிலர். பல திசையில் திரும்ப வேண்டிய புஷ் அங்கே இறுகிப் பிடித்துக்கொள்ளும், சஸ்பென்ஷன் இயல்பாக ஏறி இறங்காது. பிடிப்புக்காகச் செய்த வேலை பிடிப்பையே குறைக்கும்.

தாழ்த்திய காரில் சப்ஃப்ரேமை உயர்த்தி வைக்கும் புஷ் போடும்போது டிஃபரன்ஷியலும் சேர்ந்து உயரும். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சி கொண்டுவரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, வேகத்தில் அதிர்வு வரலாம். எக்ஸாஸ்ட்டுக்கும் பிரேக் பைப்புக்கும் இடம் இருக்கிறதா என்று முன்பே அளந்துவிடுங்கள்.

மாட்டும்போது நடக்கும் தவறுகள் சின்னவைதான், செலவு மட்டும் பெரிது. துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் பாடிக்குள் இருக்கும் நட் பிய்ந்து சுழலும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பழைய ரப்பரை நெருப்பு வைத்து எரிப்பது வேண்டாம், நச்சுப் புகையோடு சப்ஃப்ரேமின் பெயின்ட்டும் போகும். அதற்கான புல்லர் கருவி கிடைக்கிறது. புது ரப்பர் புஷ்ஷை வெளிக் கூட்டில் அழுத்தி ஏற்ற வேண்டும், நடுக் குழாயில் அழுத்தினால் ரப்பர் கிழியும். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் போதும், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதச் செய்துவிடும். ரப்பரில் உள்ள வெற்றிடங்கள் எந்தத் திசை நோக்கி இருந்தன என்று கழற்றும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். திசை மாறினால் எங்கே வளைய வேண்டுமோ அங்கே விறைக்கும்.

அப்புறம், சப்ஃப்ரேமைக் கண்ணளவில் வைத்து முடுக்குவது. போல்ட் ஓட்டையில் சிறிது இடம் இருக்கும். அதற்குள் சப்ஃப்ரேம் கோணலாக உட்கார்ந்தால் கார் நேராகப் போகாது. ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரத்தில் காரின் எடை இறங்கிய பிறகே கடைசியாக முடுக்க வேண்டும். காரைத் தூக்கி வைத்த நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். ஒரே முறை பயன்படுத்த வேண்டிய போல்ட் என்று மேனுவல் சொன்னால் புதிதாகவே வாங்குங்கள், முறுக்கு அளவையும் மேனுவலிலிருந்தே எடுங்கள். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வேகமாக ஓட்டிச் சோதிக்க வேண்டாம்.