தொலைந்த நாயைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு செய்முறை விளக்கம்

எங்கள் நாய் தொலைந்து, சில நாள்கள் கழித்துத் திரும்பக் கிடைத்த பிறகு இதை எழுதுகிறேன். கட்டிலுக்கு அடியிலும் மொட்டைமாடியிலும் பார்த்தாயிற்று, தெருவில் ஒரு சுற்றும் வந்தாயிற்று என்று வைத்துக்கொண்டு நேரே அடுத்த வேலைக்குப் போகிறேன்.

படி 1: எப்படிப் போனது என்று பாருங்கள்

திறந்திருந்த கதவு வழியே மோப்பம் பிடித்துக்கொண்டு நடந்து போன நாய் பெரும்பாலும் ஆள்களைக் கண்டு ஒதுங்காது. அதை யாராவது பரிதாபப்பட்டுத் தம் வீட்டில் கட்டி வைத்திருக்கவும் கூடும். ஆகவே, அக்கம்பக்கத்தில் வீடு வீடாக விசாரிப்பதே அதற்கு ஏற்ற வழி. வெடிச் சத்தத்துக்கோ இடிக்கோ மிரண்டு, கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிய நாய் அப்படியல்ல. அது புதர், நிறுத்தி வைத்த வண்டியின் அடிப்பகுதி, கட்டி முடிக்காத கட்டடம் போன்ற மறைவிடங்களில் பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து, நடமாட்டம் அடங்கிய இரவிலும் விடியற்காலையிலும்தான் வெளியே வரும். இந்த வகை நாயைப் பட்டப்பகலில் பத்துப் பேர் கூவிக்கொண்டு தேடினால், அது இன்னும் தொலைவுக்குப் போய்விடும்.

படி 2: அதன் வாசனையை விட்டு வையுங்கள்

கடைசியாக எந்த இடத்தில் காணப்பட்டதோ அங்கே, அது படுக்கும் துணியையும் நீங்கள் உடுத்தித் துவைக்காத சட்டையையும் போட்டு வையுங்கள். வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்கட்டும். அது தப்பிய வழி, பாதுகாப்புக்குக் குறைவில்லை என்றால், திறந்தே இருக்கட்டும். உணவை வைத்துவிட்டு அகன்று விடாதீர்கள்; மற்ற நாய்கள் கூடிச் சண்டையிட்டால் உங்கள் நாய் அந்த இடத்தை அண்டாது.

படி 3: சுவரொட்டி

கணினியில் அழகாக வடிவமைத்த சுவரொட்டியைவிட, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற அட்டையில் தடித்த மார்க்கரால் எழுதியதையே நான் பரிந்துரைப்பேன். வண்டியில் போகிறவருக்குப் படிக்கக் கிடைப்பது ஓரிரு நொடிகள்தாம். ஆகவே ‘நாய் காணவில்லை’, நிறம், தொலைபேசி எண் ஆகிய மூன்றும் பெரிதாகத் தெரிந்தால் போதும். படம் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்த செல்லப் படமாக இல்லாமல், நாய் பக்கவாட்டில் நின்று முழு உடலும் காலும் வாலும் தெரியும் படமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தெருவில் காண்பவர் அதை அப்படித்தான் காண்பார். நெகிழி உறையில் போட்டு ஒட்டினால் உறையின் வாய் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். இல்லையென்றால் முதல் மழையிலேயே தண்ணீர் தேங்கி எழுத்து கரைந்துவிடும்.

இடம் இருந்தால் ‘நாயைத் துரத்த வேண்டாம், கூப்பிட வேண்டாம், பார்த்தவுடன் எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்’ என்பதையும் சேருங்கள். சன்மானத் தொகையைப் பெரிதாகப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொகையைப் பார்த்தவர்கள் தாங்களே பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று விரட்டத் தொடங்குவார்கள்.

படி 4: யாரிடம் கேட்பது?

விடியுமுன் தெருவில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள்: துப்புரவுப் பணியாளர்கள், நாளிதழ் போடுபவர்கள், இரவுக் காவலர்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும் செய்தியில் தேதியையும் பகுதியையும் கட்டாயம் எழுதுங்கள். விலங்குக் காப்பகங்களுக்கும் கால்நடை மருத்துவமனைகளுக்கும் தொலைபேசியில் சொன்னது போதும் என்று இருந்துவிடாமல் நேரில் சென்று கூண்டு கூண்டாகப் பாருங்கள். நீங்கள் ‘பழுப்பு’ என்று சொல்வதை அங்குள்ளவர் ‘செம்பட்டை’ என்று பதிவேட்டில் எழுதியிருக்கலாம்.

வரும் தகவல்கள் ஒவ்வொன்றையும் நேரம், இடம், எந்தப் பக்கம் போனது என்ற விவரத்துடன் வரைபடத்தில் குறித்து வாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் பயனற்றதாகத் தோன்றும் தகவல்கள், அது ஒரே இடத்துக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து போவதைச் சேர்ந்து காட்டிக் கொடுக்கும்.

படி 5: கண்ணில் பட்ட பிறகு

நாங்கள் சிக்கிக்கொண்டது இந்தப் படியில்தான். நாய் கண்ணெதிரே நின்றது. பெயர் சொல்லி அழைத்ததும் காதை மடித்து, வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது. பயம் தலைக்கேறிய நாய் வளர்த்தவரைக்கூட அடையாளம் கண்டுகொள்ளாமல் ஓடும். அதன் பார்வையில், நேராக நோக்கி வருகிற எவரும் துரத்துகிறவரே.

எனவே நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கண்ணோடு கண் பார்க்காதீர்கள், கையை நீட்டாதீர்கள். மணம் மிகுந்த தின்பண்டத்தைச் சிறு துண்டுகளாகச் சுற்றிலும் போட்டு, நீங்களும் எதையோ மெல்வதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். நாய் அரை வட்டமாகச் சுற்றி, காற்று உங்கள் பக்கமிருந்து வீசும் இடத்துக்குப் போய் மூக்கைத் தூக்கும். அந்த வாசனையில் உங்களை இனங்கண்டதும் அதன் உடலே தளர்வது தெரியும். அப்போதும் எட்டிப் பிடிக்கக் கூடாது. மடியருகே வந்து தின்னும்வரை பொறுத்து, கழுத்தடியைத் தடவியபடியே கயிற்றை மாட்டுங்கள். கழுத்துப்பட்டையை உருவிய அனுபவம் உள்ள நாய்க்கு, இழுத்தால் இறுகும் சுருக்குக் கயிறே நல்லது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தும்வரை அதைக் கழற்ற வேண்டாம்.

பழகிய இன்னொரு நாயைக் கயிற்றில் கட்டி உடன் அழைத்துப் போவது பல நேரங்களில் நம்மைவிட நன்றாக வேலை செய்யும். அப்படியும் நெருங்க விடாத நாய்க்குக் கூண்டுப் பொறிதான் வழி; அதைப் பயன்படுத்தத் தெரிந்த மீட்பாளரைக் கூப்பிடுங்கள், வைத்த பொறியைக் கண்காணிக்காமல் விடாதீர்கள்.

பல நாள் பட்டினி கிடந்திருந்தால் ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுக்காமல், சிறிது சிறிதாகக் கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

இரவில் தேடுவது எப்படி என்று கேட்டிருந்தார்கள். டார்ச்சை உங்கள் கண் மட்டத்தில், முகத்தை ஒட்டிப் பிடியுங்கள். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால், புதருக்குள் அதன் கண்கள் மின்னுவது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். இடுப்பளவில் பிடித்தால் தெரிவது அரிது.

நாயின் தோலுக்கு அடியில் செலுத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருந்தால் இடத்தைக் காட்டாதா என்பது அடுத்த கேள்வி. காட்டாது. அரிசி மணி அளவுள்ள அந்தச் சில்லில் மின்கலமே கிடையாது. அதைப் படிக்கும் கருவியை உடலருகே கொண்டுபோனால் பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை மட்டும் சொல்லும். அந்த எண்ணுக்குரிய பதிவில் உங்கள் பழைய தொலைபேசி எண் இருந்தால் அதனாலும் பயனில்லை, உடனே மாற்றுங்கள். கழுத்துப்பட்டையில் மாட்டும் ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகள் அருகில் செல்லும் பிறரது கைப்பேசிகளை நம்பியிருப்பவை. ஆள் நடமாட்டமில்லாத வெளியில் அவை ஊமையாகிவிடும். மின்னேற்றுவது தொல்லைதான் என்றாலும், செல்பேசி வலையமைப்பில் இயங்கும் ஜிபிஎஸ் பட்டையே என் தேர்வு.

‘நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்’ என்று ஒருவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. இதற்காகவே உங்கள் நாயின் ஓர் அடையாளத்தை, வயிற்றில் உள்ள மச்சமோ காதோரத் தழும்போ, எங்கும் வெளியிடாமல் வைத்திருங்கள். அழைப்பவர் அதைச் சரியாகச் சொல்லாவிட்டால், அல்லது கைப்பேசிக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.