குடோன் மாடிப்படியில் விழாமல் இருக்க

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை குடோன் சூப்பர்வைசர் நான். இந்தப் பகுதியில் மாடிப்படி எல்லாமே குறுகல், செங்குத்து. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம் விழுகிறார்கள். துணிக்கட்டை நெஞ்சோடு அணைத்து இறங்கினால் கால் வைக்கும் இடமே தெரியாது. கட்டைப் பிரித்து, ஒரு தோளுக்கு அடங்குகிற அளவு மட்டும் எடுங்கள். மறு கை கைப்பிடியை விடவே கூடாது.

டேப் வைத்துப் படிகளை அளந்து பாருங்கள். ஒரு படி மட்டும் உயரம் மாறியிருந்தால் கால் அங்கேதான் ஏமாறும். அதன் விளிம்பிலும் கடைசிப் படியிலும் மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள். கிடக்கும் சேலைக் கவரை உடனே பொறுக்குங்கள், சர்ரென்று வழுக்கிவிடும்.

விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்தோ முதுகோ வலித்தால், கால் மரத்துப்போனால், அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வேலையில் விழுந்ததை அப்படியே சொல்லுங்கள். 'வீட்டில் விழுந்தேன்னு சொல்லுப்பா' என்று யார் கெஞ்சினாலும் சம்மதிக்காதீர்கள். வேலைக் காயத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்புக்கு 70தான்.