உங்கள் பேருந்தின் பூர்வீகத்தை டிராம் காலம்வரை தேடுவது எப்படி

சிங்கப்பூரில் 147ஆம் எண் பேருந்து சிராங்கூன் சாலை வழியாகப் போகிறது. 1905இல் தொடங்கிய மின்சார டிராமும் அதே சாலையில் பாய லேபார் பக்கம் போனது. ஆகவே 147தான் அந்த டிராமின் வாரிசு என்று எழுதிவிட்டால், அங்கேயே வேலை கெட்டது. சிங்கப்பூரில் நிறுவனம் மாறும், எண் மாறும், முனையம் மாறும். கைமாறாமல் நிற்பது சாலை மட்டுமே. எனவே எண்ணை விட்டுவிட்டுச் சாலையைப் பிடியுங்கள்.

முதலில் கால வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீராவி டிராம் 1886இல் வந்து, ரிக்‌ஷாவோடு போட்டிபோட முடியாமல் 1894இல் நின்றது. மின்சார டிராம் 1905 ஜூலையில் ஓடத் தொடங்கியது. அதற்கான மின்நிலையம் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் பக்கத்தில், மெக்கன்சி ரோட்டில் இருந்தது. சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி 1925இல் உருவாகி, 1926 ஆகஸ்டில் டிராலிபஸ்ஸை, அதாவது மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்ஸை, இறக்கியது. கடைசி டிராம் 1927 செப்டம்பரில் நின்றது. டிராலிபஸ் 1962 டிசம்பர்வரை இருந்தது. 1971இல் உள்ளூர்ச் சீனர்கள் நடத்திய பஸ் கம்பெனிகள் மூன்று பெரிய நிறுவனங்களாகச் சேர்ந்தன. அதே ஆண்டு இறுதியில் டிராக்‌ஷன் கம்பெனியின் தடங்களும் அவற்றிடம் போயின. 1973இல் மூன்றும் ஒன்றாகிச் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் ஆனது. 2016 முதல் தடங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் ஏலத்தில் விடுகிறது. அதனால் இப்போது நிறுவனம் மாறினாலும் தடம் அப்படியே இருக்கக்கூடும்.

உங்கள் சாலையைப் பொறுத்தவரை இந்தக் கண்ணிகள் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கிடைத்தால்தான் சங்கிலி. நடுவில் ஒன்று விட்டுப்போனால், "அதே சாலையில் முன்பு டிராம் ஓடியது" என்று மட்டும் எழுதுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்து ஓர் அட்டவணை. ஐந்து பத்திகள் போதும்: தேதி, எங்கிருந்து எங்கே, சாலைகள் வரிசையாக, வண்டி வகை, ஆதாரம். தடம் மாறும் ஒவ்வொரு முறையும் புது வரி. ஒரு வரிக்குக் குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும்: ஒன்று நாளிதழ், இன்னொன்று வரைபடம் அல்லது படம். இரண்டு நாளிதழ்கள் ஒரே செய்தியைப் போட்டிருந்தால் அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியிருக்கும்.

நாளிதழுக்கு, தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம். வெறுமனே 'டிராம்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் லண்டன், பினாங்கு, கல்கத்தா செய்தியெல்லாம் வந்து குவியும். சாலைப் பெயரைக் கூடவே சேர்த்து, ஆண்டை 1905–1927 என்று கட்டுப்படுத்துங்கள். எழுத்துக்கூட்டலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய ஏடுகளில் கேலாங்கை (Geylang) Gaylang என்று எழுதியிருப்பார்கள். கம்போங், கம்பூங் இரண்டையும் போட்டுப் பாருங்கள். 'டிராம்வே'யை ஒரே சொல்லாகவும், நடுவில் கோடு போட்டும் தேடுங்கள். வரி முடிவில் சொல் உடைந்தால், அச்சுப் பக்கத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் இயந்திரம் அதை இரண்டாகப் படித்துவிடும். 1920களில் டிராலிபஸ்ஸைத் தண்டவாளம் இல்லாத டிராம் என்ற பொருளில் 'டிராக்லெஸ் டிராம்' என்றும் எழுதினார்கள். அந்தச் சொல்லைத் தேடாதவர்களுக்குப் பாதிச் செய்தி கிடைக்காது.

கிடைத்த செய்தி திட்டமா, திறப்பா என்று பாருங்கள். 'அமைக்கப்படும்' என்று எழுதப்பட்ட தடம் எல்லாம் அமைக்கப்படவில்லை. திறப்புக்குப் பிந்தைய விபத்துச் செய்தி, வழக்குச் செய்தி, வாசகர் புகார் மூன்றும் நல்ல சாட்சிகள். எந்த முனையில் வண்டி நின்றது, எந்தச் சந்தில் திரும்பியது என்பது அவற்றில் தற்செயலாக வந்துவிழும். தமிழ் முரசு 1935இல் பிறந்தது, டிராமுக்கு உதவாது. ஆனால் 1955இல் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்த டிராக்‌ஷன் கம்பெனி வேலைநிறுத்தத்திற்கும் டிராலிபஸ்ஸின் கடைசி நாள்களுக்கும் அதைத் தேதிவாரியாகப் புரட்டலாம். 1942–45 ஜப்பானியர் காலத்தில் உங்கள் சங்கிலியில் ஓட்டை விழுந்தால் அதை ஓட்டையாகவே விடுங்கள்.

படங்கள்தான் அதிகம் ஏமாற்றுபவை, சரியாகப் படித்தால் அதிகம் சொல்பவையும் அவையே. டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். டிராலிபஸ்ஸுக்கு ரப்பர் சக்கரம், தண்டவாளம் கிடையாது. ஆகவே மின்சாரம் வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று என்று இரண்டு கம்பி, சுமார் 2 அடி இடைவெளியில். கூரையிலும் இரண்டு கோல். இருவழிச் சாலை என்றால் மொத்தம் நான்கு கம்பி. எனவே தண்டவாளம் இருந்து ஒரு திசைக்கு ஒரு கம்பி என்றால் 1905–1927. இரட்டைக் கம்பி, வெறும் தார்ச்சாலை என்றால் 1926–1962. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் மாறும் கட்டத்தில் எடுத்தது, அல்லது தண்டவாளத்தை இன்னும் பெயர்த்தெடுக்கவில்லை. கம்பியே இல்லாமல் புகைபோக்கி வைத்த இயந்திரம் பெட்டியை இழுத்துப்போனால் நீராவிக் காலம்.

தந்திக் கம்பியை டிராம் கம்பி என்று எண்ணிவிடாதீர்கள். தந்திக் கம்பிகள் சாலையோரக் கம்பங்களில் வரிசையாகப் போகும். டிராம் கம்பி சாலையின் மேலேயே, இரு பக்கக் கம்பங்களுக்கும் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கும். டிராலிபஸ் திரும்பும் முனையில் சிலந்தி வலைபோல ஒரு பின்னல் தெரியும். அந்தப் பின்னல் கண்ணில் பட்டால் தடம் அங்கே திரும்பியது அல்லது பிரிந்தது என்று பொருள். கடைப் பலகையின் எழுத்தையும் படியுங்கள். எழுத்து இடவலம் மாறி இருந்தால் படத்தைக் கண்ணாடிபோலப் புரட்டி அச்சிட்டிருக்கிறார்கள், வண்டி போகும் திசையும் பொய். அஞ்சலட்டை என்றால் முத்திரைத் தேதியை நம்ப வேண்டாம். ஒரே படத்தைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப விற்றார்கள்.

வரைபடத்துக்குத் தேசிய ஆவணக் காப்பகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் பழைய வரைபடத் தொகுப்பும் உண்டு. இன்றைய தடத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கும்போது ஒருவழிச் சாலை குறுக்கே நிற்கும். லிட்டில் இந்தியாவில் இன்று சிராங்கூன் சாலை நகரிலிருந்து வெளியே போக. திரும்பி வருவது ஜாலான் புசார் வழியாக. கேலாங்கிலும் அப்படித்தான்: நகருக்குள் வர கேலாங் ரோடு, வெளியே போக சிம்ஸ் அவென்யூ. டிராம் இரு திசையும் ஒரே சாலையில் ஓடியது. ஆகவே போகும் திசையையும் வரும் திசையையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள்.

அடையாளத்துக்கு இடம்பெயராத கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். தேக்கா சந்தையை வைத்து அளந்தால் தப்பும்: 1982இல் அது சாலையின் மறுபக்கத்துக்கு மாறியது.

பெரியவர்களிடம் கேட்பதானால் அவர்கள் பேச்சில் வரும் இடப்பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள். 'ஆறாவது கட்டை' என்றால் ஆறாவது மைல்கல், மைலை 1.6ஆல் பெருக்கிக் கிலோமீட்டராக்கிக்கொள்ளலாம். மைல்கல் கணக்கு ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் இருந்த பெரிய அஞ்சலகத்திலிருந்து. 'சுண்ணாம்புக் கம்பம்' என்றால் சிராங்கூன் சாலையின் பழைய சுண்ணாம்புச் சூளைப் பகுதி; இங்கே கம்பம் என்பது கம்போங், அதாவது சிற்றூர். "டிராம்" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் டிராலிபஸ். 1927க்கு முன் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்று கிடைப்பது மிக அரிது. "தண்டவாளம் இருந்ததா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "வண்டி கீழே எதில் ஓடியது?" என்று கேளுங்கள்.