இரண்டு நீர் மாடல்களை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் "சார், கொஞ்சம் பாருங்க" என்று அனுப்பும் மாடல்களில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. மழையிலிருந்து ஓடுநீரைக் கணக்கிடும் மாடல் தன்னளவில் சரியாக இருக்கும். ஆற்று மாடலும் சரியாக இருக்கும். நிலத்தடி நீர் மாடலிலும் குறை சொல்ல முடியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்கள் கைமாறும் இடத்தில்தான் ஓட்டை. எண் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது எதைக் குறிக்கிற எண் என்ற தகவல் வழியிலேயே விழுந்துவிடுகிறது.

அடியையும் மீட்டரையும் குழப்பாதீர்கள், பேக்கப் எடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யாதவர் நான் எழுதினாலும் செய்யப்போவதில்லை. நானும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த, பிழைச் செய்தி எதுவும் வராமல் ஆளை ஏமாற்றுகிற தவறுகள் மட்டும் இங்கே.

டைம்ஸ்டாம்பை அப்படியே நம்புவது

ஃபைலில் ஒரு வரி: ஜூலை 12, 00:00, வினாடிக்கு 200 கன மீட்டர். இது எந்தத் தண்ணீர்? அந்த நள்ளிரவு நொடியில் ஓடியதா? 12ஆம் தேதி முழுவதற்குமான சராசரியா? அல்லது அந்த நள்ளிரவோடு முடிந்த 11ஆம் தேதியின் சராசரியா? மூன்றையும் எழுதினால் வரி ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்குகிற மாடல் கேள்வி கேட்காது. எதைக் கொடுத்தாலும் விழுங்கும்.

இதில் உலகப் பொது வழக்கு என்று ஒன்று கிடையாது. ஈஆர்ஏ5 என்ற உலகளாவிய வானிலைத் தரவுத்தொகுப்பு தரும் மணிவாரி மழை, குறிப்பிட்ட நேரத்தோடு முடிகிற ஒரு மணி நேரத்தின் கூட்டுத்தொகை, அதுவும் மி.மீ.யில் இல்லை, மீட்டரில். ஈஆர்ஏ5-லேண்ட் அதே குடும்பம்தான், ஆனால் அங்கே மழை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து கூடிக்கொண்டே போகும்; ஒரு நாளின் மொத்த மழை மறுநாள் 00 மணி வரியில் உட்கார்ந்திருக்கும். ஐமெர்ஜ் செயற்கைக்கோள் மழையில் நேரம் அரைமணியின் தொடக்கத்தைக் குறிக்கும். அலகு மணிக்கு இத்தனை மி.மீ., ஆகவே அந்த அரைமணியில் விழுந்த மழை எழுதியிருப்பதில் பாதி. ஹெக்-டிஎஸ்எஸ் என்ற நீரியல் தரவு வடிவத்தில் உள்ள ஃபைல்கள் சராசரியைக் கால இடைவெளியின் முடிவில் குறிக்கும். நள்ளிரவை முந்தைய நாளின் 24:00 என்று எழுதும். அது சராசரியா, அந்தக் கணத்து மதிப்பா என்ற குறிப்பையும் ஹெக்-டிஎஸ்எஸ் ஒழுங்காகக் கூடவே வைத்திருக்கும். நம் ஆட்கள் வசதிக்காக அதை சிஎஸ்வி ஆக்குவார்கள். அந்தக் குறிப்பு அங்கேயே உதிர்ந்துவிடும்.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நான்கு நாட்களின் தினசரிச் சராசரி ஓட்டம், வினாடிக்குக் கன மீட்டரில், 20, 200, 50, 30 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் அந்தந்த நாளின் 00:00 மணியில் வைத்து ஆற்று மாடலுக்குக் கொடுக்கிறீர்கள். அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டுக்கொள்ளும். முதல் நாளில் மாடலுக்குள் போவது 20லிருந்து 200 வரை ஏறும் ஓட்டம், அதாவது சராசரி 110. இரண்டாம் நாளில் 125. மூன்றாம் நாளில் 40. முதல் மூன்று நாள் உண்மையான கூட்டுத்தொகை 270; மாடலுக்குள் போனது 275. மொத்தத்தை மட்டும் சரிபார்க்கிறவர் "இரண்டு சதவீத வித்தியாசம்தானே" என்று நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் வெள்ளம் வந்த நாளில் 172.8 லட்சம் கன மீட்டருக்குப் பதிலாக 108 லட்சம்தான் போயிருக்கிறது. வெள்ளமே வராத முந்தைய நாளில் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர். உச்சமும் அரை நாள் முந்திக்கொண்டது.

எனக்கு எரிச்சல் இந்தத் தவறின் மேல் அல்ல, இதற்கு அடுத்த படியின் மேல். ஒரு ஆய்வு மாணவரின் மாடலில் இப்படித்தான் வெள்ள உச்சம் அளவீட்டு நிலையத்துக்கு முன்கூட்டியே வந்து நின்றது. அவர் என்ன செய்தார்? உள்ளீட்டைப் பார்க்கவில்லை. ஆறு வேகமாக ஓடுகிறது, உராய்வு போதவில்லை என்று முடிவுகட்டி, மேனிங் உராய்வு எண்ணை 0.035லிருந்து 0.06க்கு ஏற்றினார். உச்சம் பின்னால் நகர்ந்தது. மாடல் அளவீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் நாஷ்–சட்கிளிஃப் மதிப்பு அழகாக உயர்ந்தது. கேலிபிரேஷன் (அளவீட்டோடு பொருந்தும்படி மாடலின் எண்களைச் சரிசெய்வது) முடிந்தது என்று எழுதியும்விட்டார்.

அகலமான ஆற்றில், அதே ஓட்டத்துக்கு நீரின் ஆழம் உராய்வு எண்ணின் 0.6 அடுக்குக்கு ஏற்ப மாறும். 0.035 இருந்த இடத்தில் 0.06 வைத்தால் ஆழம் ஏறக்குறைய 38 சதவீதம் கூடும். ஐந்து மீட்டர் ஓட வேண்டிய ஆறு ஏழு மீட்டர் ஓடும். அவர் வரைந்த வெள்ள வரைபடத்தில் ஒருபோதும் நனையாத மேட்டு நிலமெல்லாம் நீலமாக இருந்தது. "புதர் மண்டிய படுகைக்கு வைக்கிற எண்ணை இந்த மணல் ஆற்றுக்கு ஏன் வைத்தீர்கள்?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் எல்லாவற்றையும் பின்னோக்கிப் பிரிக்க ஆரம்பித்தோம். அதற்குள் அந்த உராய்வு எண்ணை அடிப்படையாக வைத்து இன்னொருவர் வண்டல் மாடலே ஓட்டி முடித்திருந்தார். அதுவும் குப்பைக்குப் போனது.

கேலிபிரேஷன் என்பது தரவில் உள்ள பிழையை மறைக்கும் பூச்சுவேலையாக மாறுவது இப்படித்தான். நேரப் பிழையை உராய்வு எண் விழுங்கும்; மழைப் பிழையை மண்ணின் ஊடுருவும் தன்மை விழுங்கும். முடிவு வரைபடத்தில் எதுவும் தெரியாது.

நண்பகலுக்கு நகர்த்திவிட்டால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. போதாது. மேலே சொன்ன எண்களை நண்பகலில் வைத்து நேர்கோடு போட்டால் உச்சத்தின் நேரம் சரியாகும். வெள்ள நாளின் சராசரி 200க்குப் பதில் 159க்குத்தான் வரும். ஓடுநீர் மாடலை மணிவாரியாக ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள். முடியாவிட்டால் நாள் முழுதும் ஒரே மதிப்பாகப் படிக்கட்டு வடிவில் கொடுங்கள், அல்லது ஒவ்வொரு நாளின் சராசரியையும் காப்பாற்றும் இடைச்செருகல் முறையைப் பயன்படுத்துங்கள். எதைச் செய்தாலும், மாற்றிய பிறகு கன அளவை நாள்வாரியாக ஒப்பிடுங்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஒரு நாள் மட்டும் வினாடிக்கு 100 கன மீட்டர், மற்ற நாளெல்லாம் பூஜ்யம் என்று ஒரு செயற்கைத் தொடரை இணைப்பு வழியே அனுப்புங்கள். மறுபக்கத்தில் அதே நாளில் 86.4 லட்சம் கன மீட்டர் வர வேண்டும். இரண்டு நாளில் பாதிப் பாதியாக வந்தால் எங்கே பிசகு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். உண்மையான மழையில் இது தெரியாது. அதில் இரைச்சல் அதிகம்.

நேர மண்டலம்

உள்ளே எல்லாம் யுடிசி. படம் போடும்போது மட்டும் உள்ளூர் நேரம்.

விடுபட்ட மதிப்புகள்

ஒரு ஃபைலில் −99, இன்னொன்றில் −9999, மூன்றாவதில் 0. கடைசிதான் ஆபத்து, மழை பெய்யாத நாளும் மழைமானி வேலை செய்யாத நாளும் அதில் ஒன்றாகிவிடும்.

ஒரே தண்ணீரை இரண்டு முறை கழிப்பது

ஸ்வாட்டையும் (நிலப்பரப்பின் ஓடுநீர் மாடல்) மோட்ஃப்ளோவையும் (நிலத்தடி நீர் மாடல்) இணைக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது மாட்டுகிற இடம். மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் ஆவியாகும் நீரை ஸ்வாட் ஏற்கெனவே கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் கீழே அனுப்புகிறது. மோட்ஃப்ளோவிலும் ஆவியுயிர்ப்புப் பகுதி திறந்தே கிடந்தால், நிலத்தடி மட்டம் மேலே வரும் இடங்களில் அதே தாகத்துக்கு இரண்டாம் முறை தண்ணீர் போகும். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: ஸ்வாட்டின் சொந்த நிலத்தடிப் பகுதியை அணைக்க மறந்தால், ஆற்றுக்கு அடியோட்டம் (நிலத்தடியிலிருந்து ஆற்றில் சேரும் நீர்) இரு பக்கமிருந்தும் வரும். யாருக்கு எந்தப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு நிரல் எழுதத் தொடங்குங்கள்.

பரப்பளவையும் பாருங்கள். ஸ்வாட்டின் ஹெச்ஆர்யு என்பது ஒரே வகை மண், நிலப்பயன்பாடு, சரிவு கொண்ட துண்டுகளைச் சேர்த்த கணக்கு அலகு. துணை வடிநிலத்துக்குள் அதற்கென்று ஓர் இடம் கிடையாது. அதை மோட்ஃப்ளோ கட்டங்களில் பிரித்துப் போடும்போது ஓரங்களில் பரப்பு கூடும், குறையும். மி.மீ. சரியாக இருக்கும், கன மீட்டர் சரியாக இருக்காது.

உயரத்தின் பூஜ்யம் எங்கே

எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி ரேடார் உயரத் தரவு, ஈஜிஎம்96 என்ற ஜியாய்டை (சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய கற்பனைப் பரப்பு) வைத்து அளந்தது. கோப்பர்நிகஸ் உயர மாதிரி ஈஜிஎம்2008 என்ற வேறொரு ஜியாய்டை வைத்தது. கையில் உள்ள ஜிபிஎஸ் கருவி திருத்தாமல் தருவது நீள்வட்டத் திண்மத்துக்கு (பூமிக்குத் தோராயமாகப் பொருந்தும் கணித வடிவம்) மேலான உயரம். நீள்வட்டத் திண்மத்துக்கும் ஜியாய்டுக்கும் உள்ள இடைவெளி, இடத்தைப் பொறுத்து −106 மீட்டர் முதல் +85 மீட்டர் வரை போகும். பத்திருபது மீட்டர் தப்பினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அரை மீட்டர்தான் கழுத்தை அறுக்கும். ஆற்று நீர்மட்டத்துக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே பல இடங்களில் அவ்வளவுதான். ஆறு நிலத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறதா, நிலத்திடம் வாங்குகிறதா என்பதே மாறிப்போகும்.

பிப்ரவரி 30

இருக்கிறது. ஹேட்ஜெம் வகைக் காலநிலை மாடல்களில் ஆண்டுக்கு 360 நாள், மாதத்துக்கு 30 நாள். வேறு சிலவற்றில் லீப் ஆண்டே கிடையாது. காலநிலைத் தரவு வரும் நெட்சிடிஎஃப் வகை ஃபைலின் நேர மாறியில் நாட்காட்டி வகை எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் தேதியைத் தானாக எண்ணிக்கொண்டு போனால் இருபதே ஆண்டில் பருவமழை மூன்று மாதத்துக்கும் மேலாக விலகி நிற்கும்.

பரிமாற்ற இடைவெளி

நாளுக்கு ஒருமுறை மட்டும் ஆற்று மாடலும் நிலத்தடி மாடலும் பேசிக்கொள்கிற அமைப்பில், நேற்றைய நீர்மட்டத்தை வைத்து இன்றைய கசிவைக் கணக்கிடுகிறீர்கள். ஆற்றுப்படுகை நீரை எளிதில் கடத்துவதாக இருந்தால் கசிவு ஒரு நாள் உள்ளே, மறுநாள் வெளியே என்று ஊசலாடும். மாதச் சராசரி எடுத்தால் ஊசல் மறைந்துவிடும்; அதனால்தான் பலர் பார்ப்பதில்லை. கசிவை நாள்வாரியாக வரைந்து பாருங்கள். ரம்பப் பல் தெரிந்தால் இடைவெளியைக் குறையுங்கள், அல்லது ஒவ்வொரு படியிலும் இரண்டு மாடலும் ஒத்துப்போகும்வரை திரும்ப ஓட்டுங்கள்.

மூல ஃபைலில் கைவைப்பது

வைக்காதீர்கள். திருத்தமெல்லாம் ஸ்கிரிப்டில்.

தேவையே இல்லாமல் இணைப்பது

இருவழி இணைப்பு என்றால் கட்டுரை கனமாகத் தெரியும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. கீழே போன தண்ணீர் மேலே உள்ளதை மாற்றுமா என்று முதலில் கேளுங்கள். நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப்படுகைக்கு வெகு கீழே, நடுவில் நீர் நிரம்பாத மண்ணோடு கிடந்தால், அது இன்னும் பத்து மீட்டர் இறங்கினாலும் ஆற்றிலிருந்து கசிவது மாறாது. மோட்ஃப்ளோவின் ஆற்றுப் பகுதியே அந்த நிலையில் கசிவை நிலத்தடி மட்டத்தோடு தொடர்பில்லாமல்தான் கணக்கிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஆற்றுக் கசிவைப் பொறுத்தவரை ஒருவழியாக எண்களைக் கொடுத்தால் வேலை முடிந்தது. இருவழியாக இணைத்தால் கிடைக்கிற ஒரே வித்தியாசம், மாடல் ஓடி முடிய ஆகும் நேரம்.