துருப்பிடித்த டை ராட் எண்டை வீட்டுக் களத்திலேயே மாற்றுவது எப்படி?

காங்கேயம், தாராபுரம் பக்கம் கார் துருப்பிடிப்பது அபூர்வம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி. காற்றில் ஈரமே கம்மி. ஆனால் நான் வாங்கிய பழைய சின்ன கார் பத்து வருஷம் தூத்துக்குடி உப்பளக் காற்றைக் குடித்துவிட்டு வந்தது. வந்தபிறகு என் பங்குக்கு நானும் வாரம் தவறாமல் தோட்டத்து போர் தண்ணீரில் கழுவினேன். ஒரு பக்கெட் ஊற்றிக் காயவிட்டால் வெள்ளைப் படலம் நிற்கிற உப்புத் தண்ணீர் அது.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது பக்கம் 'டக் டக்' என்றது. நேர் ரோட்டிலேயே ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. டயர் கடைக்காரர் சக்கரத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "ஏனுங்க, இதெ வெச்சுக்கிட்டா பல்லடம் வரைக்கும் போய்ட்டு வந்தீங்க?" என்றார். டை ராட் எண்ட் போயிருந்தது.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கீழே ரேக் என்கிற பல் வெட்டிய தண்டு இடம் வலமாக நகரும். அந்த நகர்வைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பி டை ராட். அதன் வெளி நுனியில், தோள்மூட்டு மாதிரி எல்லாப் பக்கமும் அசைகிற ஒரு பந்து மூட்டு இருக்கும். அதுதான் டை ராட் எண்ட். அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், மூட்டு தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். அப்படியே விட்டால் ஒரு நாள் மூட்டு கழன்றே போகும். கழன்றால் அந்தச் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

புதிதாகக் கற்பவர்கள் இந்த வெளி எண்ட் வரைக்கும் தாராளமாகச் செய்யலாம். உள்ளே பெல்லோஸ் என்கிற மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் இருக்கும் ரேக் எண்ட், ரேக், ஸ்டீயரிங் தண்டு இதிலெல்லாம் கை வைக்காதீர்கள். அதெல்லாம் மெக்கானிக் வேலை.

முதலில் பழுது எங்கே என்று உறுதி செய்யுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டீயரிங் மூட்டுதான். பன்னிரண்டு, ஆறு இருக்கும் இடத்தில் பிடித்தும் ஆடினால் வீல் பேரிங்கோ கீழ் பால் ஜாயின்ட்டோ கூடச் சந்தேகம். வீட்டில் யாரையாவது சக்கரத்தை ஆட்டச் சொல்லிவிட்டு மூட்டின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

பொருள் வாங்கும்போது காரின் மாடல், வருஷம், இடதா வலதா என்று மூன்றையும் சொல்லுங்கள். பல கார்களில் இரண்டு பக்கமும் ஒரே வடிவம் இல்லை. ஸ்டீயரிங் சாமானைப் பழைய இரும்புக் கடையில் எடுக்கவே கூடாது. கோவை உக்கடத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. புது நட்டும், அது கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின்னும் டப்பாவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட், ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், இரண்டு சுத்தியல், இறுக்கத்தை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச், துரு இளக்கும் ஸ்ப்ரே, ஒரு சாக்பீஸ் போதும். மூட்டைக் கழற்றும் புல்லர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். கடையில் கிடைக்காவிட்டால் கணபதி, பீளமேடு பக்கம் தெரிந்த லேத் பட்டறையில் சொல்லிப் பாருங்கள். மோட்டாரும் பம்பும் செய்கிற ஊரில் ஒரு புல்லர் செய்ய ஆளா இல்லை?

நிஜமான வேலை முதல் நாள் ராத்திரியே ஆரம்பிக்கிறது. துருப்பிடித்த மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஸ்ப்ரே அடியுங்கள். கம்பியில் எண்டை இறுக்கிப் பிடிக்கிற லாக் நட், மூட்டை நக்கிளில் பிடிக்கிற வெட்டு வெட்டான கேஸில் நட், ஸ்பிளிட் பின் மூன்றுக்கும். நக்கிள் என்றால் சக்கரம் மாட்டியிருக்கிற இரும்புத் துண்டு. பிரேக் டிஸ்க்கில் படாமல் துணி போட்டு மறைத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை, காலையில் இன்னொரு தடவை. எண்ணெய் மரைக்குள் ஊர்ந்து போக நேரம் வேண்டும். இதில் அவசரப்பட்டவன் மத்தியானம் ஹேக்ஸா பிளேடு தேடிக்கொண்டிருப்பான். நான் தேடினேன்.

காலையில் காரைச் சிமென்ட் களத்தில் நிறுத்துங்கள். மண் தரையில் ஜாக்கி புதையும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை லேசாக இளக்கிவிட்டு, பிறகு தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். காரோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையை விடாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லையும் ஸ்டாண்டாக வைக்காதீர்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

இப்போது லாக் நட். டை ராட் கம்பியும் எண்டும் சேரும் இடத்தில் இருக்கும். கம்பியில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையாக இடம் விட்டிருப்பார்கள். அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டைக் கால் சுற்று மட்டும் இளக்குங்கள். கம்பியைப் பிடிக்காமல் திருகினால் பெல்லோஸ் முறுக்கிக் கிழியும். நட்டை அதற்குமேல் நகர்த்த வேண்டாம். புது எண்ட் எதுவரை போக வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். கம்பியில் சாக்பீஸ் கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்பிளிட் பின். துருப்பிடித்திருந்தால் முறியும், பரவாயில்லை, புதிது இருக்கிறது. கேஸில் நட்டை இளக்குங்கள், ஆனால் முழுசாக எடுக்காமல் நாலைந்து மரையில் நிற்கட்டும். மூட்டு விடுபடும்போது தெறித்து விழாமல் அது பிடித்துக்கொள்ளும். சில சமயம் நட்டோடு சேர்ந்து மூட்டின் கூம்புப் பின்னும் சுற்றும். (ஸ்பிளிட் பின் வேறு, இது வேறு.) மூட்டுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து லேசாக மேலே அழுத்துங்கள். பின் அதன் கூம்புக் குழியில் இறுகி நிற்கும், நட் தனியாகக் கழலும். பின் மேலிருந்து கீழே இறங்கும் கார் என்றால் அழுத்தமும் மேலிருந்து வர வேண்டும்.

இங்கேதான் நான் சொதப்பினேன். பின் வெளியே வரவில்லை என்று அதன் நுனியிலேயே ஓங்கி அடித்தேன். மரை நசுங்கி, நட்டும் போகாமல் பின்னும் வராமல் நின்றது. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்காரர் வேலியோரமாக நின்று பார்த்துவிட்டு, "கண்ணு, போல்ட்ட அடிக்காதீங்க. காதுல அடிங்க" என்றார். காது என்றால் பின் நுழைந்திருக்கிற நக்கிளின் துளைப் பகுதி. அதன் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டை கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் அடிக்க வேண்டும். துளை ஒரு நொடி நெளியும்போது கூம்புப் பின்னின் பிடி விடும். வலது பக்க எண்டை மாற்றும்போது அப்படித்தான் செய்தேன். நாலாவது அடியில் 'டொக்' என்று இறங்கியது. ஆனால் ஒன்று, காது வார்ப்பிரும்பு அல்லாமல் அலுமினியமாக இருந்தால் அடிக்கவே கூடாது, புல்லர்தான். சூடு காட்டுகிற வேலையும் வேண்டாம். பக்கத்திலேயே பிரேக் ஹோஸ், ரப்பர், கிரீஸ் எல்லாம் இருக்கின்றன.

எண்டைக் கம்பியிலிருந்து கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணி, தரையில் எழுதிவைத்துவிடுங்கள். ஒரு சுற்றுத் தவறினால் கம்பியின் நீளம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் மாறும். சக்கரத்தின் ஓரத்துக்குப் போகும்போது அது பல மடங்காகப் பெருகி, டயரை ரம்பம் போல அறுக்கும். எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் எடுக்காதீர்கள்.

கம்பியின் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து நன்றாகப் பாருங்கள். மேல் துரு என்றால் தொடரலாம். குழி குழியாக அரித்திருந்தாலோ கம்பி வளைந்திருந்தாலோ அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சரியாக இருந்தால் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அதே எண்ணிக்கையில் புது எண்டைத் திருகுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். பின்னின் கூம்பு மட்டும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். அதில் கிரீஸ் கூடாது.

கேஸில் நட்டை டார்க் ரெஞ்ச்சில் முறுக்குங்கள். பல சின்ன கார்களில் 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காரின் சரியான எண் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். முறுக்கியபின் துளையும் நட்டின் வெட்டும் நேராக இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் முறுக்கி நேராக்குங்கள், பின்னால் தளர்த்தி அல்ல. புது ஸ்பிளிட் பின் போட்டு அதன் கால்களை மடக்கி, லாக் நட்டை இறுக்குங்கள். கம்பியை ஸ்பேனரில் பிடிக்க மறக்க வேண்டாம்.

சக்கரத்தை மாட்டிக் காரை இறக்கியதும் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்கிற அலைன்மென்ட் கடைக்கே போங்கள், மெதுவாக. எண்ணிக்கை சரிதானே என்று இதைத் தவிர்க்காதீர்கள். நான் இரண்டு பக்கமும் சரியாக எண்ணியும் கொஞ்சம் விலகித்தான் இருந்தது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளையும் ஸ்பிளிட் பின்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அசையவில்லை.

இப்போதெல்லாம் காருக்கு நல்ல தண்ணீர்தான். ஆனால் மாதம் ஒரு தடவை மட்டும். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறான் பார் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.