மூன்று வாரம் பேசாத அண்ணன்

எங்கள் யாங்கூன் சபையில் பாடகர் குழு அண்ணன் ஒருவர் திடீரென்று என்னிடம் பேசுவதை நிறுத்தினார். தோத்திரம் சொன்னாலும் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். பாட்டுத் தேர்வில் நடந்த வாக்குவாதம்தான் காரணம் என்று நானே முடிவுகட்டினேன். சபையின் வைபர் செயலிக் குழுவில் பொதுவாக மன்னிப்புக் கேட்டேன், பதில் இல்லை. போதகரைத் தூது அனுப்பினேன், இன்னும் மோசமானது.

அப்புறம் வேதத்தில், சகோதரன் குற்றம் செய்தால் என்ன செய்வது என்று சொல்லும் மத்தேயு 18-ஐ நிதானமாகப் படித்தேன். 15-ஆம் வசனம் முதலில் அவனிடம் தனியாகப் போகச் சொல்கிறது. சாட்சிகள் 16-இல், சபை 17-இல். நான் தலைகீழாகப் போயிருக்கிறேன்! காணிக்கை செலுத்தும் முன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23-24-இல் பலரும் கவனிக்காத ஒன்று: உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்றில்லை, அவனுக்கு உன்மேல் இருந்தால் என்றிருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே அங்கில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போனேன். விளக்கம் எதுவும் சொல்லாமல், "என்மேல் என்ன வருத்தம் அண்ணே?" என்று மட்டும் கேட்டேன். பாட்டு விஷயமே இல்லை. அவர் வேதம் வாசித்தபோது பிள்ளைகள் முன்னால் அவருடைய 'ழ'வைத் திருத்தினேனாம். பர்மியப் பள்ளியில் படித்தவர், தமிழை வீட்டில் எழுத்துக்கூட்டிக் கற்றவர். மன்னிப்புக் கேட்டேன். தேநீர் வந்தது. இப்போது வாசிக்கும் முன் அவரே என்னிடம் வந்து உச்சரிப்பைக் கேட்கிறார், தனியாக.