வெளி மேசையில் ஆறுதலான மத்தியானச் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ முற்றத்தில் மேசை போட்ட சின்ன இந்திய உணவகம் ஒன்று கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை அங்கேயே கழித்துவிடலாம். ஆனால் பலர் அரை மணி நேரத்தில் வியர்த்து வழிந்து எழும்பிவிடுகிறார்கள். சமையலில் குறை இருக்காது. மேசை எடுத்த விதத்திலும் ஓடர் கொடுத்த விதத்திலும்தான் பிழை.

வந்த நேரத்தில் எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே உட்காருவது முதல் தவறு. கொழும்பில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.10 மணிக்கு, மாதத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் முன்பின்னாகும். அதன் பிறகு கடல் பக்கம் சாயும். கட்டடத்துக்கு மேற்கே இருக்கும் மேசையில் இரண்டு மணிக்கு முகத்திலேயே வெயில் அடிக்கும். கிழக்குப் பக்க மேசையில் நேரம் போகப் போக நிழல் கூடும். காலி வீதி என்னும் பெருந்தெருவின் இரைச்சல் கொஞ்சம் கேட்டாலும் அதையே எடுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்பதால் மத்தியானத்தில் சுவர் நிழலை நம்ப முடியாது, கூரை வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு மழை வருவதும் வழமை. அதற்கும் அந்தக் கூரை உதவும்.

அடுத்த தவறுதான் சாப்பாட்டையே கெடுப்பது: ஆறுதலாக இருக்க வந்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓடர் பண்ணுவது. சின்னக் கடையில் சமைப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். எது முதலில் முடிகிறதோ அதுதான் மேசைக்கு வரும். நாண் தந்தூரி அடுப்பில் ஓரிரு நிமிடத்தில் வெந்துவிடும், கறி வரப் பிந்தும். வெளியே காற்றில் நாண் ஆறினால் தோல் மாதிரி இழுபடும். ஆகவே ஆளுக்கு ஒன்று மட்டும் கேளுங்கள், அது முடிகிற நேரத்தில் அடுத்ததைச் சொல்லுங்கள். "தம்பி, கறி வந்த பிறகு நாண் போடச் சொல்லுங்கோ" என்றால் போதும், சந்தோஷமாகச் செய்வார்கள். மசாலாத் தோசையும் அப்படித்தான். நம் ஊர் ஈரக்காற்றில் மொறுமொறுப்பு நிற்காது, வந்தவுடன் சாப்பிட வேண்டியது. பிரியாணியையும் பருப்பையும் நடுவில் வைத்துக்கொண்டு கதைக்கலாம், அவை கொஞ்ச நேரம் பொறுத்திருக்கும்.

மத்தியானத்தில் தந்தூரி அடுப்பு மூட்டியிருக்கிறார்களா, சமையலறை எத்தனை மணிக்கு மூடும் என்று உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். பின்னேரம்தான் அடுப்பு மூட்டும் கடையில் நாணை நம்பி இருக்கக்கூடாது.

உறைப்புக் காணாது என்று மிளகாய்த்தூள் போட்டுத் தரச் சொல்வதும் வேண்டாம். எண்ணெயில் வதங்காத தூள் கடைசியில் விழுந்தால் பச்சை வாசம்தான் மிஞ்சும். வட இந்தியக் கறியின் கனம் வெங்காயத்திலும் தயிரிலும் இருக்கிறது, நம் வீட்டுக் கறியோடு அதை ஒப்பிடாதீர்கள். பச்சை மிளகாயும் ஊறுகாயும் கேட்டு வாங்கித் தொட்டுக்கொள்ளலாம்.

கை கழுவ எல்லோரும் ஒன்றாக எழும்ப வேண்டாம். கொழும்புக் காகங்களுக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

விலைப்பட்டியலில் உள்ள தொகைதான் கடைசித் தொகை என்று நினைப்பதும் தவறு. பல இடங்களில் 10 வீதச் சேவைக் கட்டணமும், வரிக்குப் பதிவான கடையானால் 18 வீத வற் எனும் பெறுமதி சேர் வரியும் மேலே சேரும். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரரைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது நல்லது.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவதானால் கடைசிவரை மேசையில் விடாதீர்கள். 32 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருந்தால் சமைத்த உணவு வெளியில் இருக்கக்கூடியது ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள்ளேயே, எல்லோரும் எடுத்துக்கொண்டவுடன் மிஞ்சிய கோழியையும் சோற்றையும் பார்சல் கட்டித் தரச் சொல்லிக் கடைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கேளுங்கள். அதன் பிறகு தேத்தண்ணி சொல்லலாம்.